மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ்: குரலை வரைந்த பாடகி

பல துறைகளில் இயங்கியவர்களை வரலாறு பெரும்பாலும் கூறு போட்டுத்தான் வைத்துக்கொள்கிறது. வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் (1842-1907) அம்மையாருக்கு நேர்ந்ததும் அதுவே. இசைத்துறையினர் அவரை ஒரு பாடகியாகவும் ஓர் இறைப்பாடல் மெட்டின் ஆசிரியராகவும் சில வரிகளில் முடித்துவிடுகின்றனர். ஒலியியல் பற்றி எழுதுவோர் அடிக்குறிப்பில் இடம் தருகின்றனர். இலண்டன் மாநகரத்து அறப்பணிகளைப் பேசுவோருக்கு அவர் தெருச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய புண்ணியவதி. இவர்கள் போதாதென்று நான்காவதாக ஒரு கூட்டத்தாரும் அவரை உரிமை கொண்டாடுகின்றனர். ஒலிக்குள் மறைபொருள் உண்டு, மந்திரத்துக்கு வடிவம் உண்டு என்று சொல்லும் இவர்கள், தம் கூற்றுக்குச் சான்றாக அம்மையாரின் படங்களை எடுத்துக் காட்டுகின்றனர்.

பாட்டு, ஆய்வு, அறப்பணி ஆகிய மூன்றும் அவரிடத்தில் தனித்தனியாக நிகழ்ந்தவை அல்ல என்பது நம் எண்ணம். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேசினால் மூன்றுமே பொருளிழக்கின்றன. நான்காம் கூட்டத்தாரோ அவர் செய்யாத ஒன்றைச் செய்ததாகப் புகழ்ந்து, செய்த பெரும்பணியை மறைத்துவிடுகின்றனர். இகழ்ச்சியைவிட இத்தகைய புகழ்ச்சி தீங்கானது என்று நாம் கருதுவதால்தான் இதை எழுத நேர்ந்தது.

அவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவோம். தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் நகரை ஒட்டியுள்ளது டவ்லைஸ். பெற்றோர் பெம்புரோக்சயர் பகுதியிலிருந்து அங்கே வந்து குடியேறியவர்கள். 1842இல் மார்கரெட் பிறந்தபோது டவ்லைஸ் ஒரு சிற்றூரன்று. 1845ஆம் ஆண்டளவில் அங்கிருந்த இரும்பாலை 18 ஊதுலைகளையும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களையும் கொண்டு, உலகின் மிகப்பெரிய இரும்பாலையாக விளங்கிற்று. இரவிலும் வானம் சிவந்திருந்த ஊர் அது. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வழிவகையில்லாத ஊருங்கூட. 1849இல் வந்த வாந்திபேதி மெர்தர் பகுதியில் ஆயிரத்துக்கும் மேலானோரைக் கொண்டுபோயிற்று. அப்போது மார்கரெட்டுக்கு வயது ஏழு.

அந்த ஊர் அடிமைப்பட்ட உழைப்பாளர்களின் ஊமைக் கூட்டமாக இருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. 1831லேயே செங்கொடி ஏற்றிக் கிளர்ந்தெழுந்த மக்கள் அவர்கள். ஆலை முதலாளியின் மனைவியான சார்லட் கெஸ்ட் அங்கே இருந்துகொண்டுதான் வேல்ஸ் மொழியின் பழங்கதைத் தொகுதியாகிய 'மாபினோகியன்' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1838 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே நின்ற சிற்றாலயங்களில் நான்கு குரல் பிரித்துப் பாடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பின்னாளில் 'மவான்வி' என்னும் புகழ்பெற்ற பாடலுக்கு இசையமைத்த ஜோசப் பாரி, மார்கரெட்டுக்கு ஓராண்டு முன்பு இதே மெர்தரில் பிறந்து, சிறு வயதிலேயே சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போனவர். பாட்டு அங்கே ஓய்வுநேரக் கேளிக்கையாக இருக்கவில்லை. இசைக்கருவி வாங்க வசதியில்லாத மக்களுக்குத் தொண்டையே கருவி.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1847இல் வேல்ஸ் நாட்டுக் கல்வி பற்றி ஆங்கிலேய அரசு அமைத்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வேல்ஸ் மொழி அறியாத மூவர் எழுதியது அது. அம்மொழி முன்னேற்றத்துக்குத் தடை என்றதோடு நில்லாமல், வேல்ஸ் நாட்டுப் பெண்களின் ஒழுக்கத்தையும் அது பழித்துரைத்தது. அறிக்கையின் அட்டை நீல நிறம். 'நீலநூல்களின் துரோகம்' என்றே வேல்ஸ் மக்கள் இன்றும் அதைச் சொல்வர். அடுத்து வந்த தலைமுறைப் பெண்கள் மேடையேறியபோதெல்லாம் அந்தப் பழிச்சொல் பின்னால் நின்றது. 1865ஆம் ஆண்டு அபரிஸ்ட்வித் கலைவிழாவில் ஆண் கவிஞர்களை வென்று, பின்னர் பெண்களுக்கான இதழையும் மதுவிலக்கு இயக்கத்தையும் நடத்திய கிரனோக்வென் (1839-1916) அத்தலைமுறையைச் சேர்ந்தவர். மார்கரெட்டும் அவ்வாறே. அவர் தொட்ட எல்லாவற்றிலும் தென்படும் பக்தியையும் கண்டிப்பையும் இந்தப் பின்னணி இல்லாமல் விளங்கிக்கொள்ள இயலாது.

1864இல் இலண்டனில் உள்ள இராயல் இசைக் கழகத்தில் அவர் மாணவியானார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் மானுவல் கார்சியா. இந்தப் பெயர் மிக முக்கியமானது. அம்மையாரைப் பற்றிய குறிப்புகளில் 'புகழ்பெற்ற ஆசிரியர்' என்ற அடைமொழியோடு கடந்து போய்விடுகிறார்கள். நாம் சற்று நின்று பார்ப்போம்.

கார்சியா ஸ்பெயின் நாட்டு இசைக் குடும்பத்தில் 1805இல் பிறந்தவர். குரல் கெட்டுப்போய் வந்த ஜென்னி லிண்ட் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பாடகியை 1841இல் தேற்றி மீண்டும் பாட வைத்தவர். ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்த ஜென்னி லிண்டோடு மார்கரெட்டும் பின்னாளில் இணைந்து பாடியதாகக் கூறுவர். கார்சியாவின் பெருமை அதோடு நிற்பதன்று. பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருந்தது. 1854இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியொன்றைத் தம் தொண்டையினுள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் கதிரவன் ஒளியை அதன்மேல் திருப்பி, தம் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தாமே பார்த்தார். மறு ஆண்டே அது இராயல் சொசைட்டியின் முன் கட்டுரையாக வந்தது. தொண்டை மருத்துவர்கள் இன்றும் கையாளும் குரல்வளை நோக்கியின் வரலாறு இந்தப் பாட்டு வாத்தியாரிடமிருந்துதான் பேசப்படுகிறது.

உந்தியில் எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எழுத்தாகப் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலில் படித்த நமக்கு, பாடகர் ஒருவர் உடற்கூற்றை ஆராய்வது வியப்பாகத் தோன்றாது. ஆயினும் கற்றறிவதும் கண்டறிவதும் வேறு வேறு. கார்சியா கண்டறிந்தவர். குரல் பிறக்கும் இடத்தை ஆசிரியர் பார்த்தார். பிறந்த குரல் வெளியே சென்று என்ன செய்கிறது என்பதை அவருடைய மாணவி பார்த்தார். இந்த ஆசிரியர் மாணவி உறவை விட்டுவிட்டு, அம்மையாரின் கண்டுபிடிப்பு ஏதோ வானத்திலிருந்து விழுந்த அருள் போல எழுதுவது அவருக்குச் செய்யும் நன்மையன்று.

உடல்நலம் இடங்கொடாமையால் இசைக் கழகப் படிப்பு இடையில் நின்றது. திருமணத்திற்குப் பின் வாட்ஸ் என்ற பெயரோடு கணவரின் பெயராகிய ஹியூஸ் சேர்ந்தது. கச்சேரி மேடைகளில் அவர் தொடர்ந்து பாடினார். ஊர்மக்கள் அவரை 'மேகன்' என்றே அழைத்தனர். இலண்டன்வாழ் வேல்ஸ் மக்களின் ஆலயம் ஒன்று இருந்த இடத்தின் பெயரால் 'வில்டன் ஸ்கொயர்' என்னும் மெட்டு அவர் ஆக்கமாக வழங்குகிறது.

இனி அந்தக் கருவி. 1885இல் அவர் தம் குரலின் வலிமையை அளந்தறிய விரும்பி அதை உருவாக்கினார். மிக எளிய அமைப்புத்தான். வாய் வைத்துப் பாடுவதற்கு ஒரு குழாய். அது சென்று சேர்வது கிண்ணம் போன்ற ஓர் ஏற்பியில். கிண்ணத்தின் வாயில் இரப்பர்த் தாள் ஒன்று பறையின் தோல்போல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் மேல் மணலையோ நுண்பொடியையோ தூவிவிட்டுக் குழாயில் பாடினால், பொடி எவ்வளவு துள்ளுகிறது என்பதைக் கொண்டு குரலின் ஆற்றலை மதிப்பிடலாம். கிரேக்க மொழியில் 'ஐடோஸ்' என்றால் உருவம், 'ஃபோன்' என்றால் குரல். 'ஐடோஃபோன்' என்று பெயரிட்டார்.

ஒரு நாள் இரப்பர்த் தாளின்மேல் விதைகளை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவை நாற்புறமும் சிதறி மேசைமேல் விழும். அன்று விழவில்லை. ஒழுங்கான ஒரு வடிவத்தில் தாமே அணிவகுத்து நின்றுவிட்டன. இதை 1891இல் அமெரிக்காவின் 'செஞ்சுரி' மாத இதழில் அவரே எழுதியிருக்கிறார். கட்டுரையின் தலைப்பைத் தமிழில் 'கட்புலனாகும் ஒலி' எனலாம்.

அதிர்வுக்கு உருவம் உண்டு என்பது அன்றைக்குப் புதுச் செய்தியன்று. ஜெர்மானியரான கிளாட்னி 1787லேயே, மணல் தூவிய உலோகத் தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் உரசி, மணல் கோலங்களைக் காட்டிவிட்டார். பாரிஸ் கழகம் அதன் கணக்கியலை விளக்குவோருக்குப் பரிசு அறிவிக்க, 1816இல் அதைப் பெற்றவர் சோஃபி ஜெர்மைன் என்னும் பெண்மணி. மைக்கேல் ஃபாரடே 1831இல் நுண்பொடியும் நீர்மங்களும் அதிர்வில் எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராய்ந்தார். அதிரும் பரப்பில் அசையாமல் நிற்கும் கோடுகள் உண்டு. மணல் அங்கே போய் ஒதுங்குகிறது. மிக இலேசான பொடியோ, காற்றின் சுழற்சியால் மிகுதியாக அதிரும் இடங்களில் குவிகிறது. இவையெல்லாம் தெரிந்திருந்தன.

அவர்கள் உரசியது தகட்டை. அம்மையார் பாடினார். வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் இது சிறியதன்று. தகட்டை எவர் உரசினாலும் கோலம் வந்துவிடும். இரப்பர்த் தாளின் முன்னே ஒரே சுருதியை, ஒரே அளவான மூச்சோடு, பொடி அடங்கி உருக்கொள்ளும் வரை நிறுத்திப் பிடிக்க வேண்டும். சுருதி ஓர் இழை நழுவினாலும் உருவம் குலைந்துபோகும். ஒலி சற்றே மிகுந்தால் பொடி முழுதும் தெறித்துவிடும்.

நம் கல்லூரியில் ஒருமுறை மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தோம். பிளாஸ்டிக் டப்பாவின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டி, பக்கத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, மேலே கோலமாவு. உரத்த குரலுடைய பையன்கள் ஒவ்வொருவராக வந்து ஊதித் தள்ளினார்கள். மாவு பறந்ததுதான் மிச்சம். பாட்டு கற்றிருந்த ஒரு மாணவி சட்ஜத்தை மெல்ல இறுகப் பிடித்தபோது மட்டும் வட்டத்துக்குள் வட்டமாக இரண்டு வளையங்கள் தோன்றின. அவர் மூச்சு வாங்கியதும் மறைந்தன. ஐந்தாறு நொடி நின்ற அந்த வளையங்களைப் பார்த்த பிறகுதான், அம்மையாரின் படங்களுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுச் சாதகம் இருந்திருக்க வேண்டும் என்பது மாணவர்களுக்கு உறைத்தது.

உலர்ந்த பொடியோடு அவர் நிற்கவில்லை. கிளிசரினில் குழைத்த வண்ணப் பசைகளை இரப்பர்த் தாளின்மேல் வைத்துப் பாடிப் பார்த்தார். மெல்லிய ஒரு சுரத்தைப் பிடித்தால் பசை நடுவே திரளும். குரலைச் சற்றே உயர்த்தினால் நடுத்திரளைச் சுற்றி இதழ்கள் புறப்பட்டு நாற்புறமும் பரவும். டெய்சி மலரின் வடிவம் அப்படியே வரும். சுருதி ஏற ஏற இதழ்களின் எண்ணிக்கையும் ஏறும். வண்ணம் பூசிய கண்ணாடித் தகட்டை அதிரும் தாளோடு பொருத்தி, பாடிக்கொண்டே நகர்த்தினால் பெரணி இலைகள், மரங்கள், கடற்சிப்பிகள், பாம்பின் நெளிவு போன்ற வடிவங்கள் கண்ணாடியில் பதிந்தன. சிலவற்றைப் பார்த்தால் கடலடிக் காடுகள் போலிருக்கும். தூரிகையைத் தொடாமல் வரைந்தவை என்று சொன்னால் நம்ப முடியாது.

பாடிய குரல் பாடிய கணமே அழிவது. அவர் காலத்தில் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877லேயே வந்துவிட்டது. ஆனால் அவர் குரல் நமக்கு எஞ்சியிருப்பது மெழுகு உருளையில் அன்று, கண்ணாடித் தகட்டில். அதைக் கேட்க முடியாது, பார்க்கத்தான் முடியும்.

1887இல் அம்மையார் தம் கருவியை இலண்டன் இராயல் சொசைட்டியில் காட்டினார். தாமே படைத்த அறிவியல் கருவியை அங்கே தாமே நின்று விளக்கிய முதற் பெண்மணி என்று அவரைக் குறிப்பிடுவர். மேரி சாமர்வில்லின் ஆய்வுரையை 1826இல் அந்த அவையின் முன் கொண்டுசென்றவர் அவருடைய கணவர். ஹெர்தா அயர்ட்டன் என்னும் இயற்பியலாளரை 1902இல் உறுப்பினராக முன்மொழிந்தபோது, மணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனித்த நிலையில்லை என்று தள்ளிவிட்டனர். 1904இல்தான் அவர் தம் கட்டுரையைத் தாமே படிக்க இடம் கிடைத்தது. கட்டுரையின் பொருள், நீரின் அசைவால் மணலில் உண்டாகும் வரிகள். பெண்கள் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது 1945ஆம் ஆண்டில். இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், பட்டமோ பதவியோ இல்லாத இரும்பாலை ஊர்ப் பாடகி ஒருவர் 1887இல் அங்கே குழாயில் வாய்வைத்துப் பாடியது எத்தகைய செயல் என்பது புலப்படும்.

அறிவியலார் அவரை மதித்தனரா? வியந்தனர் என்பதே பொருந்தும். வியப்பும் மதிப்பும் ஒன்றல்ல. மாலைநேரக் காட்சியில் வைத்துப் பார்க்க அழகான பொருள் என்ற அளவில் அது நின்றுவிட்டது. அவர் படங்களை வேறொருவர் செய்து காட்டுவது அரிதாக இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம். அளவுகோல் மனித உடம்பாக இருக்கும்போது ஆய்வுக்கூடம் தயங்குகிறது. இந்தத் தயக்கத்தை நாம் முற்றிலும் குறைசொல்ல மாட்டோம். எனினும் பயின்ற கையால் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர்களின் திறமையை அறிவியலின் பகுதியாக ஏற்ற அதே உலகம், பயின்ற தொண்டையை மட்டும் கலை என்று ஒதுக்கியது ஏன் என்று கேட்கலாமல்லவா?

அம்மையார் தம் எல்லையை நன்கு அறிந்திருந்தார். தாம் பாடகி என்ற நிலையில், தம் குரலையே ஆய்வுக்கருவியாகக் கொண்டு செய்தவை இவை. இவற்றை ஏற்கெனவே அறியப்பட்ட இயற்கை விதிகளோடு பொருத்திக் காட்டுவது அறிவியல் அறிந்தவர்களின் வேலை என்ற பொருள்பட 1891ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியுள்ளார். கண்டதைச் சொல்வது, காரணத்தை அறிந்தோரிடம் விடுவது. ஆய்வறிஞர் பலரிடமே காணக்கிடைக்காத ஒழுக்கம் இது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் நடத்தி வந்தார். பார்ன்ஸ்பரி சதுக்கத்தில் இருந்த மவுண்ட்ஃபோர்டு இல்லம் அது. அக்காலத்து இலண்டன் தெருக்களில் பெற்றோரற்ற, அல்லது பெற்றோர் இருந்தும் கைவிடப்பட்ட சிறுவர் திரிந்தனர். 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் அவர்களுக்குக் காட்டிய வழி, சிறைக்கு ஒப்பான உழைப்பு விடுதி. டாக்டர் பர்னார்டோ 1870இல் ஸ்டெப்னியில் தொடங்கியதைப் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒருபுறம் எழுந்தன. அம்மையாருடையது அத்தகைய பெருநிறுவனமன்று, ஒரு வீடு.

அவரைச் சமூகச் சீர்திருத்தவாதி எனலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விக்டோரியா காலத்து அறப்பணிகளைப் பற்றி நமக்கும் மனக்குறை உண்டு. சிறுவர் தெருவுக்கு வந்த காரணத்தை அவை பெரும்பாலும் கேட்கவில்லை. சோறும் துணியும் விவிலியமும் தந்து, நன்றியை எதிர்பார்த்தன. சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் போராடிய ஜோசஃபின் பட்லரைப் போன்றவர்களோடு ஒப்பிட்டால் மார்கரெட் அம்மையாரின் பணி சிறியது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு செய்தி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. தம் குரல் ஓவியங்களை அவர் அந்த இல்லத்தின் சன்னல்களில் பொருத்தினார். இராயல் சொசைட்டியார் பார்த்து வியந்த கண்ணாடிகள் அனாதைச் சிறுவர்களின் சன்னலில் வெயில் பட்டு ஒளிர்ந்தன. உழைப்பு விடுதிகளின் சன்னல்கள் எப்படியிருந்தன என்பதை டிக்கன்ஸ் படித்தவர்கள் அறிவர். ஏழைக் குழந்தைக்குப் போதுமானது கொடுத்தால் போதும், சிறந்தது எதற்கு என்பது அன்றைய அறப்பணியின் எழுதாத விதி. டவ்லைஸில் பிறந்த ஒருவருக்கு அவ்விதி எவ்வளவு பொய்யானது என்று தெரிந்திருந்தது. புகை மண்டிய ஊரில், வறியவர்கள் கூடிய சிற்றாலயத்தில், நான்கு குரல்களில் எழுந்த பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் அவர். சட்டத்தை மாற்றுவது சீர்திருத்தம் என்றால், ஏழைப் பிள்ளைக்கு எது தகும் என்ற கணக்கை மாற்றுவதும் சீர்திருத்தந்தான் என்று நாம் வாதிடுவோம்.

ஒலிக்கு மறைபொருள் காண்போரிடம் இப்போது வருவோம். இவர்கள் இன்று முளைத்தவர்கள் அல்லர். இவர்களின் வேர் நம் சென்னை அடையாற்றோடும் தொடர்புடையது. பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் சேர்ந்து 1905இல் 'எண்ண வடிவங்கள்' எனப் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டனர். மனத்தில் எழும் ஒவ்வோர் எண்ணத்துக்கும் நிறமும் உருவமும் உண்டு, பயின்ற ஞானக்கண்ணுக்கு அவை தெரியும் என்பது அந்நூலின் கொள்கை. அதற்கு முன்மாதிரியாகக் கிளாட்னியின் மணல் கோலங்களை எடுத்துக்காட்டும் இடத்தில், குரல் வடிவங்கள் பற்றி மேலும் அறிய விரும்புவோருக்கு மார்கரெட் வாட்ஸ் ஹியூஸின் நூலைச் சுட்டுகின்றனர். அம்மையார் தம் ஆய்வுகளைத் தொகுத்து 1904இல் வெளியிட்ட நூல் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1907இல், பெசன்ட் அடையாற்றில் சபையின் தலைவரானார். அதே ஆண்டில்தான் மார்கரெட் அம்மையார் மறைந்தார்.

மணலிலிருந்து மனத்துக்குத் தாவும் அந்த ஒரு தாவலில்தான் எல்லாச் சிக்கலும் உள்ளது. கண்ணால் எவரும் காணக்கூடியதைச் சொல்லி நம்பவைத்து, சிலர் மட்டுமே காண்பதாகச் சொல்லும் ஒன்றுக்குக் கொண்டுசெல்கிறார்கள். இன்றைக்கு அந்தத் தாவல் இன்னும் எளிதாகிவிட்டது. ஓங்காரத்தை ஒலித்தால் மணலில் ஸ்ரீசக்கரம் தோன்றும் என்று படத்தோடு செய்தி வருகிறது. படித்தவர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். மெய்யாகவே தோன்றுமா? அதிரும் பரப்பில் எந்த உருவம் எழும் என்பதை முடிவு செய்பவை சுருதி, ஒலியின் அளவு, பரப்பின் வடிவம், அது இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் இறுக்கம், மேலே தூவிய பொருளின் தன்மை ஆகியவை. ஒரே சொல்லை இருவர் இருவேறு சுருதியில் சொன்னால் இருவேறு உருவங்கள் வரும். ஒரே சுருதியில் ஒரே ஆள் பாடினாலும், இரப்பர்த் தாளைச் சற்றே தளர்த்திவிட்டால் முந்தைய உருவம் வராது. உருவம் சொல்லுக்கு உரியதன்று. இதை மார்கரெட் அம்மையாரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. பசையின் பதத்தையும் தாளின் இறுக்கத்தையும் மாற்றி மாற்றி ஆண்டுக்கணக்கில் பாடிப் பார்த்தவர் அவரே.

அவர் பக்தையல்லரா என்றால், ஆழ்ந்த பக்தைதான். மலர்களின் வடிவம் குரலில் பிறப்பதைக் கண்டு, படைப்பின் ஒழுங்கில் இறைவன் கையை உணர்ந்து மகிழ்ந்தவர். அந்த மகிழ்ச்சியைச் சான்று என்று விற்காதவர். பக்திக்கும் ஆய்வுக்கும் இடையே அவர் இட்ட அந்தக் கோட்டை அழித்துவிட்டு அவரைப் போற்றுவதில் என்ன பயன்?

கலை உலகம் இப்போது அவரைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறது. ஒலிக்கலைஞர்கள் சிலர் அந்தக் கண்ணாடிகளைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதத் தொடங்கியுள்ளனர். எஞ்சிய தகடுகள் மெர்தர் டிட்வில் நகரில் கவார்த்வா மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டவ்லைஸ் ஆலைக்குப் போட்டியாக விளங்கிய கவார்த்வா இரும்பாலையின் முதலாளி வில்லியம் கிராஷே, தம் உலைகளை மேலிருந்து பார்க்கும்படி 1824-25இல் கட்டிய மாளிகை அது. 1910 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. உலைகள் அணைந்து நெடுங்காலமாகிவிட்டது. முதலாளியின் கூடங்களில் இன்று, கீழே புகைக்குள் பிறந்த ஒரு பெண்ணின் மூச்சு, நீலமும் பழுப்புமாக, பெரணி இலைகளாகவும் டெய்சி மலர்களாகவும் கண்ணாடியில் படிந்து இருக்கிறது. கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தால் இதழ்களை எண்ணலாம். எந்த இதழ் எந்தச் சுருதியில் விரிந்தது என்று இசை தெரிந்தவர் எவரேனும் ஒரு நாள் பாடிப் பார்த்துச் சொல்லக்கூடும்.